விஎம் ஓடுகிறது, ஏற்காடு ஏன் வரவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலம் ஐந்து ரோடு பக்கம் தலைமை அலுவலகம், ஆத்தூர் போகும் வழியில் ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி. மூன்று இடத்திலும் சிஸ்கோ ஃபயர்வால். மூன்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள, சிஸ்கோவின் மேலாண்மை மென்பொருளான எஃப்எம்சியின் விஎம் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) வடிவத்தை, 64 ஜிபி ரேம் உள்ள உபுண்டு சர்வரில், விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம் மீது ஏற்றியிருக்கிறீர்கள். ரேம் 16 ஜிபி கொடுத்திருக்கிறீர்கள். கன்சோலில் லாகின் வருகிறது, உள்ளிருந்து இணையத்துக்குப் பிங் போகிறது, விஎம்மின் முகவரி 192.168.122.50. ஆனால் உங்கள் லேப்டாப்பிலிருந்து வலைப்பக்கம் திறக்கவில்லை, ஏற்காட்டு ஃபயர்வாலும் நாள் முழுக்க ‘பெண்டிங்’ என்றே நிற்கிறது. கடைசியில் கேட்டீர்கள்: கேவிஎம் இதற்கு லாயக்கில்லையா, அதே வேலையைச் செய்யும் விஎம்வேருக்கே போய்விடலாமா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் இணையவில்லை என்பது ஒன்று. இந்தப் பெட்டியை நம்பி மூன்று கிளைகளையும் இதன் கையில் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. இரண்டாவதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பதினைந்து வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கேவிஎம்மைக் குற்றம் சொல்ல வேண்டாம். 2007இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட சமாச்சாரம் அது. எஃப்எம்சிக்கு கேவிஎம்முக்கென்றே தனி இமேஜ் கோப்பை சிஸ்கோவே தருகிறது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்: ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் போய் வருடச் சந்தா வந்தது, இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் சத்தமில்லாமல் திரும்பக் கொடுத்தார்கள். ஒரே ஒரு விஎம்முக்காக அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சரி, 192.168.122.50. அந்த 122தான் காட்டிக்கொடுக்கிறது. லினக்ஸில், விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருளை நிறுவியதும் ‘டிஃபால்ட்’ என்று ஒரு நெட்வொர்க்கைத் தானாகவே உண்டாக்கிவிடும். சர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி நெட்வொர்க் அது. வெளியே போகும் எல்லாவற்றுக்கும் சர்வரின் முகவரியைப் போட்டு, நேட் செய்து அனுப்பும். விஎம்மிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து விஎம்முக்கு யாரும் வர முடியாது. உள்ளிருந்து பிங் போனதும் ‘நெட்வொர்க் சரியாக இருக்கிறது’ என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் ஒரு நாள் போயிருக்கிறது. சாதாரண விஎம்முக்கு இந்த ஏற்பாடு போதும். எஃப்எம்சி அப்படியில்லை, அதைத் தேடி நாலு பேர் வரவேண்டும். நிர்வாகிக்கு 443 என்ற போர்ட் (வாசல் எண்), ஃபயர்வால்களுக்கு 8305. இந்த 8305 டிசிபி போர்ட் வழியாகத்தான் ஃபயர்வாலும் எஃப்எம்சியும் பாதுகாப்பான ஒரு குழாய் அமைத்துக்கொண்டு, பாலிசியிலிருந்து (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) லாக் (நடந்தவற்றின் பதிவு) வரை எல்லாவற்றையும் பரிமாறிக்கொள்கின்றன.

தீர்வு பிரிட்ஜ். சர்வரின் நெட்வொர்க் கார்டை ஒரு லினக்ஸ் பிரிட்ஜுக்குள் (மென்பொருளாலான நெட்வொர்க் ஸ்விட்ச்) போட்டு, சர்வரின் ஐபியைக் கார்டிலிருந்து எடுத்துப் பிரிட்ஜுக்குக் கொடுத்து, விஎம்மையும் அதே பிரிட்ஜில் இணையுங்கள். அப்புறம் உங்கள் அலுவலக நெட்வொர்க்கிலேயே ஒரு முகவரி விஎம்முக்குக் கிடைக்கும். இந்த மாற்றத்தை சர்வர் முன்னால் உட்கார்ந்து, மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளானின் ‘ட்ரை’ கட்டளை 120 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மற்ற மாற்றங்களுக்குச் சரி. பிரிட்ஜுக்குத் தனி அமைப்புகள் கொடுத்திருந்தால் ‘இதை என்னால் திருப்ப முடியாது’ என்று அதுவே கையை விரித்துவிடும். ரிமோட்டில் செய்து சர்வரைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

விஎம்களைத் திரையில் அமைக்கும் விர்ட்-மேனேஜரில் ‘மேக்விடேப்’ என்று இன்னொரு வழியும் கண்ணில் படும். பிரிட்ஜ் போடும் வேலை மிச்சம் என்று ஆசை வரும். அதில் வெளியாட்கள் எல்லோரும் விஎம்மை அடையலாம், விஎம் ஓடும் சர்வர் மட்டும் அடைய முடியாது. நாளைக்கு எஃப்எம்சியின் பேக்கப்பை அதே சர்வரில் வாங்கி வைக்க நினைத்தால் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அதேபோல, அந்த சர்வரில் டாக்கரும் (பயன்பாடுகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறதா என்று பாருங்கள். டாக்கர் தன் பாதுகாப்புக்காகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளைத் தடுப்பதையே இயல்பாக்கி வைக்கும். பிரிட்ஜ் வழியாகப் போகும் விஎம்மின் போக்குவரத்தும் அதில் மாட்டிக்கொள்ளும். பிரிட்ஜ் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் நான் முதலில் தட்டும் கதவு அதுதான். முடிந்தால் எஃப்எம்சி இருக்கும் சர்வரில் டாக்கரே வேண்டாம்.

அடுத்து ரேம். 16 ஜிபி போதாது. 6.6 பதிப்பிலிருந்து குறைந்தபட்சம் 28 ஜிபி, பரிந்துரை 32. அதற்குக் கீழே வைத்தால் மேம்படுத்தும்போதே தடுத்துவிடும். இன்று எப்படியோ ஓடுகிறது என்று விடாதீர்கள். உங்களிடம் 64 இருக்கிறது, 32 கொடுத்துவிடுங்கள். கொடுத்ததை வேறு விஎம்களோடு பங்குபோட வைக்காதீர்கள். விர்ச்சுவல் சிபியு குறைந்தது நான்கு வேண்டும். டிஸ்க் 250 ஜிபி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் இறக்கிய, விஎம்மின் டிஸ்காக இருக்கும் கியூகவ்2 கோப்பு சில ஜிபிதான் இருக்கும். உள்ளே எழுத எழுதத்தான் ஊதும். உபுண்டுவின் ரூட் பார்ட்டிஷனிலேயே அதை வைத்து, அங்கே 100 ஜிபிதான் காலி என்றால், ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் இடம் தீர்ந்ததும் விஎம் ‘பாஸ்’ நிலையில் உறைந்து நிற்கும். திரையில் பிழை எதுவும் இருக்காது, பிங் மட்டும் போகாது. இப்போதே 250 ஜிபிக்குக் குறையாத தனி இடத்தில் வையுங்கள். எஸ்எஸ்டியாக இருக்கட்டும், உள்ளே ஓடுவது பெரிய டேட்டாபேஸ், பழைய சுழலும் டிஸ்கில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

முதல் துவக்கத்துக்கு முன்னால் ‘டே-ஜீரோ’ கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஹோஸ்ட் பெயர், அட்மின் பாஸ்வேர்ட், ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் ஜேசன் வடிவில் எழுதி, ஐஎஸ்ஓவாக்கி, சிடியாக மாட்டிவிட்டால் முதல்முறை கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளும். அது இல்லாமலும் கன்சோலில் உட்கார்ந்து கொடுக்கலாம். ஆனால் ஒருமுறை கிளம்பிய இமேஜில் அப்புறம் சிடியை மாட்டிப் பயனில்லை. புதிய பிரதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் விஎம்மில் இன்னும் ஒன்றும் சேரவில்லை என்பதால், அதை அழித்துவிட்டு 32 ஜிபி, பிரிட்ஜ், டே-ஜீரோ என்று புதிதாகவே ஏற்றிவிடுங்கள் என்பேன். முதல் துவக்கம் நேரமெடுக்கும். லாகின் வந்துவிட்டதே, வலைப்பக்கம் வரவில்லையே என்று ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். நான் ஏற்றியவற்றில் அரை மணி நேரத்துக்குக் குறைந்து எதுவும் முழுதாக எழுந்ததில்லை. பாதி வழியில் அணைத்தால் டேட்டாபேஸ் அரைகுறையாக நின்றுவிடும்.

இதெல்லாம் செய்தால் ஐந்து ரோடு ஃபயர்வால் உடனே வந்துவிடும். ஏற்காடு வருமா? அதை இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் விடுதியில் என்ன லைன் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களே பார்த்துவிடலாம். விடுதி ஃபயர்வாலின் வெளிப்பக்கத்துக்கு என்ன ஐபி வந்திருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்து நேட் செய்கிறது என்று அர்த்தம். வீட்டு ஃபைபர் லைன், 4ஜி சிம் இரண்டிலும் இது சகஜம். அப்படியென்றால் எஃப்எம்சியால் ஏற்காட்டைத் தேடிப் போகவே முடியாது. ஏற்காடுதான் இறங்கி வரவேண்டும். அதற்குச் சேலத்தில் நிலையான பொது ஐபி ஒன்று வேண்டும், அதிலிருந்து 8305ஐ மட்டும் எஃப்எம்சிக்குத் திருப்பிவிட வேண்டும். 443ஐத் திறந்துவிடாதீர்கள், நிர்வாகப் பக்கம் பொது இணையத்தில் தெரியவே கூடாது.

இரு பக்கமும் நேட் இருக்கும்போது ஒருவரை ஒருவர் ஐபியை வைத்து அடையாளம் காண முடியாது. அதற்குத்தான் ‘நேட் ஐடி’ என்று ஒன்று இருக்கிறது. ஏற்காட்டு ஃபயர்வாலில் மேலாளரைச் சேர்க்கும்போது சேலத்தின் பொது ஐபி, பதிவுச் சாவி, நேட் ஐடி மூன்றும் கொடுங்கள். எஃப்எம்சியில் சாதனத்தைச் சேர்க்கும்போது ஐபி இடத்தைக் காலியாக விட்டு, அதே சாவியையும் அதே நேட் ஐடியையும் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ‘பெண்டிங்’தான், ஏன் என்று சொல்லவும் சொல்லாது. அப்புறம் ஒரு சமாச்சாரம்: விடுதியில் ஒரே ஒரு லைன் என்றால், ஃபயர்வாலின் நிர்வாகப் போக்குவரத்தும் வாடிக்கையாளர்களின் வைஃபை போகும் அதே வெளிப்பக்க இன்டர்ஃபேஸில்தான் வந்தாக வேண்டும். அதை முதல் அமைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 6.7 பதிப்பிலிருந்து அது முடியும்.

நேரம். பெரும்பாலானவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. குழாய் நிற்பது சான்றிதழ்களை நம்பி. எஃப்எம்சியின் கடிகாரமும் ஃபயர்வாலின் கடிகாரமும் விலகினால் இணைப்பு விழும், லைசென்ஸ் சரிபார்ப்பும் முரண்டு பிடிக்கும். சர்வரில் நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி ஓடட்டும், எஃப்எம்சிக்கும் ஃபயர்வால்களுக்கும் ஒரே வெளி நேர சர்வரைக் கொடுங்கள். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் சர்வரையே கொடுக்கலாம். விஎம்மாக ஓடும் எஃப்எம்சியைப் பார்த்து ஃபயர்வால்கள் நேரம் வைத்துக்கொள்ளும்படி மட்டும் அமைக்காதீர்கள். சிஸ்கோவே அதைச் செய்யாதே என்கிறது.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி. விஎம் எஃப்எம்சி 2, 10, 25 சாதனங்கள் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. உங்களுக்கு மூன்று ஃபயர்வால். விலையைப் பார்த்து இரண்டுக்கானதை வாங்கிவிட்டு ஆத்தூரைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். சோதனைக் காலம் 90 நாள் இருக்கிறது, அதற்குள் முடிவு செய்யலாம்.

இப்போது இரண்டாவது கேள்வி, நம்பலாமா என்பது. முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். எஃப்எம்சி படுத்துவிட்டால் கிளைகளில் இணையம் நிற்காது. பாக்கெட்டைப் பார்த்து விடுவதும் தடுப்பதும் அந்தந்த ஃபயர்வாலின் வேலை. கடைசியாகக் கொடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு அவை பாட்டுக்கு ஓடும். புதிய மாற்றம் அனுப்ப முடியாது, லாக்குகள் ஃபயர்வாலிலேயே கொஞ்ச காலம் தேங்கும், தீங்கான கோப்பா என்று மேகத்தில் விசாரிக்கும் வேலை எஃப்எம்சி வழியாகப் போவதால் அது நிற்கும். அவ்வளவுதான். அதனால் இதற்கென்று இரட்டை சர்வர், தனி ஸ்டோரேஜ் என்று முதலாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. மூன்று கிளைக்கு ஒரு நல்ல உபுண்டு பெட்டி போதும்.

ஆனால் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை ஒன்பது மணிக்குப் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு ஜவுளிக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். யூபிஎஸ் சிக்னல் கொடுத்தது, சர்வரும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகத் தொடங்கியது. சர்வர் அணையும்போது விஎம்களை அணைத்து வைக்க லிப்விர்ட்டில் ஒரு சேவை உண்டு. அது காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடம் என்று இருந்தது. எஃப்எம்சி தன் டேட்டாபேஸை மூடி முடிக்கவில்லை. நேரம் முடிந்ததும் சர்வர் அதை அப்படியே விட்டுவிட்டு அணைந்தது. மாலையில் கரண்ட் வந்தபோது வலைப்பக்கம் ‘சிஸ்டம் தயாராகிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது, மறுநாள் காலை வரைக்கும். புதிதாக ஏற்றி, பேக்கப்பிலிருந்து எடுத்தோம். அந்தப் பேக்கப் மூன்று மாதப் பழையது. அந்த ஐந்து நிமிடத்தை அப்படியே விட்டவன் நான்தான், கடைக்காரர் மேல் தப்பில்லை.

அதனால் அந்தச் சேவையின் அமைப்பில் காத்திருப்பை 15 நிமிடமாவது ஆக்குங்கள். அங்கேயே ‘சஸ்பெண்ட்’ என்று இருந்தால் ‘ஷட்டவுன்’ என்று மாற்றுங்கள். உறங்கப்போட்டு ஆறு மணி நேரம் கழித்து எழுப்பினால் கடிகாரம் காலையிலேயே நிற்கும், மேலே சொன்ன நேரப் பிரச்சினை தொடங்கிவிடும். விஎம் தானாகக் கிளம்ப ஆட்டோஸ்டார்ட் போட்டுவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரி 15 நிமிடத்துக்கு மேல் தாங்குகிறதா என்று ஒருநாள் பிளக்கைப் பிடுங்கியே பாருங்கள்.

பேக்கப் விஷயத்தில் உறுதியானதும் உறுதியில்லாததும் உண்டு. எஃப்எம்சியின் உள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியை வாரம் ஒருமுறை தானாக ஓடவிட்டு, வேறு இயந்திரத்துக்கு அனுப்புவது உறுதியான வழி. திரும்ப எடுக்கும்போது அதே மாடல், அதே பதிப்பு, அதே பேட்ச் இருக்க வேண்டும். அதனால் எந்த இமேஜிலிருந்து ஏற்றினீர்களோ அந்தக் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து திரும்புவதும், விஎம்மைக் குளோன் செய்வதும் ஆதரவில்லை என்று ஆவணத்திலேயே இருக்கிறது. ஓடும்போது ஸ்னாப்ஷாட் எடுப்பதை நான் செய்யவே மாட்டேன். விஎம்மை முழுதாக அணைத்துவிட்டுக் கியூகவ்2 கோப்பை நகலெடுத்து வைப்பது? இரண்டு முறை அதிலிருந்து மீட்டிருக்கிறேன், இரண்டு முறையும் எழுந்தது. அதை வைத்து உங்களுக்கும் எழும் என்று சொல்ல மாட்டேன். சிஸ்கோவிடம் உதவி கேட்கப் போனால் அந்த நகலைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மேம்படுத்துவதற்கு முன் கூடுதல் தைரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று, இது மலைக்கே உரியது. ஏற்காட்டு ஃபயர்வாலுக்கு நீங்கள் அனுப்பும் பாலிசி, அந்த ஃபயர்வாலின் இணைய வழியையே அடைத்துவிட்டால்? எஃப்எம்சி அதோடு பேச அந்த வழி ஒன்றுதான். ஒரு எஸ்டேட் அலுவலகத்துக்கு மாலை ஐந்தரை மணிக்கு ஒரு நேட் விதியை மாற்றி அனுப்பினேன். அனுப்பியது போய்ச் சேர்ந்தது, அத்தோடு பேச்சு நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல் பனிமூட்டம், பைக்கில் கன்சோல் கேபிளோடு போய், ஃபயர்வாலில் ரோல்பேக் கட்டளை கொடுத்தது இரண்டு நிமிட வேலை. புதிய பதிப்புகளில், பாலிசி அனுப்பியதும் மேலாளரோடு தொடர்பு அறுந்தால் தானாகவே முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. சாதனத்தின் அமைப்பில் நாம்தான் அதை இயக்கி வைக்க வேண்டும். ஏற்காடு சேர்ந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அப்படியே விடுதி ரிசப்ஷனில் ஒரு பழைய லேப்டாப்பையும் கன்சோல் கேபிளையும் வைத்து, அங்கிருப்பவருக்கு எந்த ஓட்டையில் மாட்டுவது என்று காட்டிவிட்டு வாருங்கள்.

முதலில் பிரிட்ஜையும் ரேமையும் சரிசெய்து, ஐந்து ரோடு ஃபயர்வாலை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அது பச்சையானதும், விடுதியின் வெளி ஐபி எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதை இங்கே எழுதுங்கள். மேலே சொன்ன 100.64 முதல் 100.127 வரைக்குள் என்றால் ஒரு வழி, நேரடிப் பொது ஐபி என்றால் இன்னும் சுலபம்.